யார் பெயரையும் எடுக்க வேண்டாம்

என் அப்பாவுக்கு, இன்னும் பொறுமை வராத உங்கள் பிள்ளை எழுதுவது.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் இராணுவப் பதிவைத் திருத்தச் சொல்லி நேற்று மறுபடியும் மனு கொடுத்துவிட்டேன். இந்த முறை சாட்சியோடு. சாட்சி யார் என்று சொன்னால் எழுந்து வந்து என் மண்டையில் ஒன்று போடுவீர்கள். வந்து போட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

ஹசான் பாக்சிக்தான் சாட்சி. இப்போது திட்டுங்கள்.

அம்மா நன்றாக இருக்கிறார். நன்றாக என்றால், சாப்பிடுகிறார், கோயிலுக்குப் போகிறார், என்னைத் திட்டுகிறார். செய்தி நேரம் வந்தால் டிவி சத்தத்தை இன்னமும் கூட்டித்தான் வைக்கிறார். "யாருக்கும்மா இவ்வளவு சத்தம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ரிமோட்டை எடுத்துக் குறைத்தார். பிறகு கொஞ்ச நேரத்தில் அவரே கூட்டினார். அதற்கப்புறம் நான் கேட்பதில்லை.

முதல் மனுவைப் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? தீபாவளி முடிந்து டின்னில் முறுக்கு மிச்சம் இருந்த சமயம். கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் லேப்டாப். பக்கத்தில் நீங்கள், கேட்கும் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு.

"டேய் கதிர், என் ரெக்காட்ல ஒரு மெடல் விட்டுப்போச்சு. அதச் சேக்கச் சொல்லி எழுதணும். மலாய்ல நல்லா எழுது."

எந்த மெடல், எந்தக் காடு, என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக உங்கள் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. வடக்கே எல்லைக் காடு. ரோந்து. கண்ணிவெடி. கால் போன கார்ப்பரலைத் தோளில் தூக்கிக்கொண்டு, முதுகில் இருந்த ரேடியோ செட்டையும் கழற்றாமல், வழியெல்லாம் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுக்கொண்டே அது இறங்கும் இடம்வரை நடந்தது. இதையெல்லாம் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

"பா, இவ்ளோ பெரிய விஷயம். இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லைதான். ராணுவத்தில் ரேடியோ தூக்கினீர்கள், ஓய்வு பெற்ற பிறகு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தீர்கள். என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாட்சி என்ற கட்டம் வந்தது. "எழுதாத, யாரும் இல்ல," என்றீர்கள்.

"எப்படி இல்லாம போகும்? காட்டுக்கு நீங்களும் கார்ப்பரலும் ஜோடியாவா போனீங்க?"

"அவரும் போய்ட்டாரு, ரோந்துக்குத் தலைமையா வந்த சார்ஜனும் போய்ட்டாரு. மத்தவன்லாம் எங்க இருக்கானோ. சும்மா விடு."

"சாட்சி இல்லாம போட்டா கண்ண மூடிக்கிட்டு ரிஜெக்ட் பண்ணுவாங்க பா."

"பண்ணட்டும். கடைசியா ஒண்ணு எழுது. என் பேரச் சேத்தா போதும், யார் பேரையும் எடுக்க வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் பெயரை யார் எடுக்கப் போகிறார்கள்? கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? இப்படி ஒரு வரி இருந்தால் மனு கொடுத்தவரே ஏதோ மறைக்கிறார் என்று தோன்றாதா? இத்தனையும் கேட்டேன். "எழுது லா," என்று சொல்லிவிட்டு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். எழுதினேன்.

சில மாதங்களில் பதில் வந்தது. அந்த ரோந்தின் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, சாட்சியும் இல்லை, ஆகவே பதிவைத் திருத்த இயலாது. நான் மேல்முறையீடு அது இதுவென்று குதித்தேன். நீங்கள் அதைப் படித்தீர்கள், அலமாரியில் வைத்தீர்கள், அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டீர்கள். உங்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. இராணுவக்காரனின் மனத்திடம் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாள் நான்!

அதற்குப் பிறகு ஒரு மழைநாள் காலை. குளித்துவிட்டு வந்து, சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீர்கள். இன்னொரு கையை மாட்டவே இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோதும் அந்தச் சட்டைக் கை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிவிட வேண்டும் என்று ஏனோ எனக்குப் பதற்றமாக இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் மாட்டிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தபோது ஹசான் பாக்சிக் வந்தார். எனக்கு அவரைத் தெரியாதா என்ன! மாமா முறை வைத்து நான் பாக்சிக் என்று கூப்பிடும், காப்பாரில் இருக்கும் உங்கள் மலாய் சிநேகிதர். ஒவ்வொரு தீபாவளிக்கும் நம் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு நோன்புப் பெருநாள் காலையிலும் நீங்கள் அவர் வீட்டுக்குப் போவீர்கள். ஆனால் சீருடைக் கோட்டும் பெரே தொப்பியுமாய், மார்பு நிறையப் பதக்கங்களோடு அன்றுதான் பார்த்தேன். பந்தலுக்குள் வந்து நின்று உங்களுக்கு சல்யூட் வைத்தார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் மார்பைப் பார்த்தேன்.

அந்தப் பதக்கம் அங்கே இருந்தது. மனுவுக்காக அதன் படத்தை இணையத்தில் தேடி எடுத்தவன் நான்தான். அதன் நாடா நிறம் எனக்கு மனப்பாடம்.

செத்த வீடு, இங்கே கேட்கலாமா என்றெல்லாம் யோசிக்கும் ஆளா நான்? கேட்டுவிட்டேன். "பாக்சிக், இந்த மெடல் உங்களுக்கு எதுக்குக் கெடச்சது?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார். முகாமில் உங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னார்: "இவன் உயிரோட இருக்கறப்ப என்னப் பேச விடல. இப்ப இவன் வீட்டுல வெச்சுப் பேச மாட்டேன். காரியம் முடியட்டும். என் வீட்டுக்கு வா."

சொல்லிவிட்டுக் குனிந்து உங்கள் காதில் ஏதோ சொன்னார். வலது காதில். வந்தவர்களில் எத்தனையோ பேர் இடது பக்கம் உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொல்லி அழுதார்கள். அவர் மட்டும் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் குனிந்தார்.

கருமாதி முடிந்த வாரம் காப்பாருக்குப் போனேன். பாக்சிக்கின் மனைவி தேத்தண்ணியும் பிசாங் கோரேங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வாழைப்பழப் பலகாரத்தைத் தொடவில்லை. "சொல்லுங்க பாக்சிக்," என்றேன்.

"உங்கப்பா மாதிரி இல்ல நீ. அவன் மொதல்ல சாப்பிடுவான்," என்று சிரித்தார். பிறகு சொன்னார்.

"நாங்க ரெண்டு பேரும் சிக்னல். ரோந்து போனா ரேடியோ தூக்க ஒரு ஆள் வேணும். தீபாவளி வந்தா மாரிமுத்து வீட்டுக்குப் போவான், அவன் எடத்துல நான் காட்டுக்குப் போவேன். ஹரி ராயா, எங்க பெருநாள் வந்தா நான் வீட்டுக்கு, அவன் காட்டுக்கு. அப்ப எல்லாரும் அப்பிடித்தான். சார்ஜன் கண்டுக்க மாட்டாரு. பேர் லிஸ்ட் முன்னாடியே டைப் அடிச்சு மேல போயிடும். மாத்தச் சொன்னா கிளார்க் கத்துவான். சரி, இருக்கட்டும்னு விட்டுருவோம். ரேடியோ போனா போதும், யார் தூக்குனா என்ன லா?"

கண்ணிவெடிக்கு முந்திய தீபாவளிக்கு நீங்கள் கிள்ளானுக்கு வந்தீர்கள். பாக்சிக் உங்கள் பெயரில் காட்டுக்குப் போய் மலேரியாவோடு திரும்பினார். "ரெக்காட்ல நான் கேம்ப்ல படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்தேன். கேம்ப்ல எப்பிடிடா மலேரியா வந்துச்சுன்னு டாக்டர் என்னப் போட்டுத் திட்டுறாரு!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்து நோன்புப் பெருநாள் வந்தது. பாக்சிக் ஊரில் தன் அம்மா கையால் கெத்துப்பாட் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பெயரில் நீங்கள் காட்டில் இருந்தீர்கள். வெடித்தது.

பதக்கம் பட்டியலைப் பார்த்து வந்தது. பட்டியலில் ரேடியோ தூக்கியவர் ஹசான்.

"நான் சார்ஜன் கிட்ட ஓடுனேன். அது நான் இல்ல, மாரின்னு சொன்னேன். வாயத் தொறந்தா உனக்கும் அவனுக்கும் எனக்கும் சேத்து தண்டனைன்னு அவர் சொல்றாரு. உங்கப்பா பக்கத்துலதான் நிக்கிறான். ஆனா கேக்கல. அந்த வெடியிலதான அவன் எடது காது போச்சு? நான் வலது பக்கம் போய் சொன்னேன். சிரிச்சான். 'போய் நெஞ்ச நிமித்திக்கிட்டு வாங்கிக்கடா'ன்னான்."

இடது காது. சின்ன வயதில் காதில் சீழ் வந்து கேட்காமல் போனது என்றுதானே எங்களிடம் சொன்னீர்கள்? அம்மாவிடமும் அதைத்தானே சொன்னீர்கள்? இடது பக்கம் இருந்து கூப்பிட்டால் நீங்கள் திரும்ப மாட்டீர்கள் என்பது எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே பழக்கம். அப்பாக்கள் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பலகாரம் ஆறிவிட்டது. அதற்கு மேல்தான் பாக்சிக் பெரிய வெடியைப் போட்டார்.

"எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆச்சில்ல, அப்ப முடிவு பண்ணேன். ஆண்டவன் கிட்ட போறப்ப இந்தக் கணக்கோட போகக் கூடாது. உங்கப்பா கிட்ட சொன்னேன், நீ மனு போடு, என்ன சாட்சியா எழுது. இல்லன்னா நானே நேர்ல போய்ச் சொல்லிடுவேன். சரி சரின்னான். அப்புறம் ரிஜெக்ட் ஆன கடுதாசியக் காமிச்சான். பாத்தியா, நம்மால முடிஞ்சது அவ்வளவுதான்னான். நான் கேட்டேன், டேய், சாட்சிக்கு ஏன் என் பேரு இல்ல? 'என் மகன் டைப் அடிக்கும்போது விட்டுட்டான், அவன் ஒரு அவசரக் குடுக்க'ன்னான்."

அப்பா!

தோற்பதற்காகவே ஒரு மனுவைப் போட்டிருக்கிறீர்கள். சாட்சியை நீங்களே மறைத்து, நிராகரித்த பதிலை சிநேகிதரிடம் காட்டி, பழியைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கிறீர்கள். நான் சிரித்தேன். பாக்சிக்கும் சிரித்தார். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதைப் பற்றியும் சொன்னேன். "அதுக்குத்தான் ராயா காலையில பசியாறாமகூட அங்க ஓடுனாரா?" என்று கேட்டார் அம்மா. அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் விட மனமில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. ரயில் சிக்னல் பழுது பார்ப்பவன் என்று மட்டும் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தண்டவாளத்தில் இறங்கும் முன் நாங்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி கையெழுத்து. உள்ளே யாரும் இல்லை என்று அந்தப் பெயர்களை வைத்துத்தான் மின்சாரத்தைத் திறந்துவிடுவார்கள். பெயர் ஒருவருடையது, ஆள் வேறொருவர் என்றால் எங்கள் இடத்தில் பிணம்தான் விழும். யார் தூக்கினால் என்ன என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அந்தக் காட்டில் இருந்தீர்கள். பதிவு இல்லை என்கிறது. நீங்களும் போய்விட்ட பிறகு மிஞ்சி இருக்கப்போவது அந்தப் பதிவு மட்டும்தானே?

இராணுவப் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். இறந்தவருக்காகப் பிள்ளை மனு கொடுக்கலாம், பட்டியலில் இருப்பவர் சத்தியக் கடிதம் கொடுத்தால் விசாரிப்பார்கள். ஆனால் அவருடைய பதக்கமும் விசாரணைக்கு வரும், திரும்பப் பெறவும் கூடும் என்றார்கள். உங்கள் வரி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. சாட்சியை எழுதாவிட்டாலும், எந்த ரோந்து என்று பார்த்தவுடனே யாருடைய பெயரில் கைவைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் பாக்சிக்கிடம் மறைக்கவில்லை. "உங்களோடத எடுத்துருவாங்க," என்றேன்.

"எடுக்கட்டும்."

"வருத்தமா இருக்காதா?"

"இருக்கும் லா. ஏன் இருக்காது? என் பேரப்பிள்ளைங்க தொட்டுத் தொட்டு வெளையாடுனது. ஆனா உங்கம்மா ஒரு தடவகூடத் தொட்டதில்ல."

நேற்று வேலைக்கு விடுப்பு எடுத்தேன். சத்தியக் கடிதத்தில் முத்திரை வைப்பவரின் அறை பிரிக்பீல்ட்ஸில், புடவைக் கடைக்கு மேல் மாடியில். நான் வேலைக்குப் போகும் வழிதான். படி செங்குத்து. ஆபரேஷன் செய்த மனிதர், ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். நான் பின்னால் நின்றேன். "என்னா, அவசரக் குடுக்க, பேசாம வர?" என்றார். கீழே கடையில் பூக்கட்டும் அக்கா, "அங்கிளப் புடிச்சிக்க தம்பி!" என்று கத்தினார். பிடித்துக்கொண்டேன். அவருடைய கை உங்கள் கையைப் போலவே காய்ப்புப் பிடித்திருந்தது.

கடிதத்தை நான்தான் டைப் அடித்திருந்தேன். தீபாவளி ரோந்தில் போனது ஹசான். நோன்புப் பெருநாள் ரோந்தில் போனது மாரிமுத்து. இரண்டையும் எழுதினேன். பாக்சிக் தன்னுடையது வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. அவருக்கு வந்த மலேரியா கேம்ப் கட்டிலில் வந்ததல்ல. இதனால், காட்டில் இத்தனை நாள் என்று எண்ணிக் கொடுத்த உங்கள் பழைய பதக்கம் ஒன்றின் நாட்களையும் திரும்ப எண்ணக்கூடும், குறையக்கூடும். குறையட்டும் அப்பா. யார் எங்கே இருந்தார் என்பதில் என்னால் பொய் சொல்ல முடியாது. அதில் உங்கள் பேச்சை மீறிவிட்டேன்.

முத்திரை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் ஒரு தமிழ் அக்கா. மனுவைப் பொறுமையாகக் கடைசிவரை படித்தார். கடைசி வரியில், யார் பெயரையும் எடுக்க வேண்டாம் என்ற உங்கள் வரியில், விரலை வைத்தார்.

"தம்பி, இந்த வரி வேணாமே. ஒரு எடத்துக்கு ஒரு பேருதான். ஒண்ணச் சேக்கணும்னா ஒண்ண எடுக்கணும். இப்பிடி ரெண்டையும் கேட்டா மேல இருக்கறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. அடிச்சுட்டு இன்ஷியல் போடுங்க."

நான் உங்களிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அவர் பேனாவை நீட்டினார். வாங்கினேன். பாக்சிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதக்கத்தை ஒப்படைக்கச் சொன்னால் கொடுத்துவிடலாம் என்று கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை இரண்டு கையாலும் பிடித்தபடி சுவரில் ஓடிய நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வரியைப் பற்றி எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இருக்கட்டும் அக்கா. மொத மனுதாரர், எங்கப்பா சொன்னது அது. நான் டைப் அடிக்கும்போது எதையும் விட மாட்டேன்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தி உள்ளே எடுத்துக்கொண்டார். பாக்சிக்கின் கைக்குட்டையை யாரும் கேட்கவில்லை. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் ரயிலில் கிள்ளான் வரும்வரை அந்தப் பையின் மேல் கையை வைத்தபடியே தூங்கினார்.

கிள்ளானில் இறங்கும்போது கேட்டேன். "அன்னிக்கு அப்பா காதுல என்ன சொன்னீங்க?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள," என்றார்.

இதை மட்டும் விட்டுவிட்டேன் அப்பா. உங்களிடம் கேட்டாலும் சொல்லப் போவதில்லை.

பதில் எப்போது வரும் என்று தெரியாது. நல்ல பதிலாக வருமா என்றும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லாமல் போய்விடுமோ என்று ஒரு பயம் இருக்கிறது. அப்படி ஆனால் உங்களிடம் என்ன சொல்வேன்? நீங்கள் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் காப்பாற்றியதை ஒரே நாளில் கெடுத்தவன் ஆவேனா? அல்லது நல்லது செய்தேன் என்று தோளில் தட்டுவீர்களா? உங்கள் பதிலைத்தான் எந்த ஆபீசிலும் வாங்க முடியாது.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். பதில் எப்படி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வரப்போகும் நோன்புப் பெருநாள் காலையில் நான் காப்பாருக்குப் போவேன். பசியாறாமல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மாட்டிறைச்சி கலக்காமல் உங்களுக்கென்று தனிச்சட்டியில் கோழி ரெண்டாங் கறி செய்வார்களாம். அந்தச் சட்டியை இந்த வருடமும் அடுப்பில் ஏற்றப் போவதாக பாக்சிக்கின் மனைவி போனில் சொன்னார். முதலில் சாப்பிடுவேன். அப்புறம்தான் பேசுவேன்.

இப்படிக்கு,
மனுதாரருக்கு உறவுமுறை: மகன்
மாரிமுத்துவின் கதிர்